பயிற்சிச் சத்தம்

ஜூன் 3, செவ்வாய்

மருந்துக்கடையில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி. இத்தனை நாள் பிரிட்ஜின் மேல் தூசி தின்றுகொண்டு கிடந்தது. டப்பிங் இன்சார்ஜ் கனகதுர்கா மேடம்தான் எழுதச் சொன்னார். என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்குத் தூங்கினேன், மறுநாள் குரல் எப்படி இருந்தது என்று குறித்து வைத்தால் தொண்டையைக் காப்பாற்றலாமாம். சரி, காப்பாற்றிப் பார்ப்போம்.

இன்று தொண்டை சுமார். காலையில் மிளகு போட்ட பால். வடபழனி ஸ்டுடியோவில் 'மாங்கல்ய மேகம்' மூன்று எபிசோடு முடித்தேன். இந்தியிலிருந்து வரும் சீரியல். கதாநாயகி வசுந்தராவாக வாயசைக்கிற பெண் மும்பையில் இருக்கிறாள், அவளுக்குத் தமிழில் அழுகிறவள் நான். இரண்டு வருடமாக அழுகிறேன். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை.

வசுந்தரா இன்று மாமியாரிடம் திட்டு வாங்கினாள், புருஷனிடம் அறை வாங்கினாள், நடுவில் விளக்கேற்றிச் சாமி கும்பிட்டாள். வழக்கமான செவ்வாய்க்கிழமை.

வலது தோளைத் தூக்க முடியவில்லை. கதவில் இடித்துக்கொண்டேன். மைக்கை இடது கையாலேயே சரிசெய்து சமாளித்தேன். வரும் வழியில் இட்லி மாவு, மகள் தாமிராவுக்கு கிராப் நோட்டு.

ஜூன் 5, வியாழன்

கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்தேன். புளி தொண்டைக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்குப் பிடிக்கும்.

எதிர்வீட்டு ஜெசிந்தா அக்கா படியில் பிடித்துக்கொண்டார். தூத்துக்குடிக்காரர், புருஷன் இறந்தபிறகு வீட்டிலேயே நைட்டி விற்கிறார். வாடிக்கையாளர் வருவார்கள் என்று இரவு எட்டு மணி வரை கதவை விரியத் திறந்தே வைத்திருப்பார். இந்த அபார்ட்மெண்டில் மூடாத கதவு அது ஒன்றுதான்.

"திங்கக்கெழம என்ன சீன்ட்டி? செவுரே அதிர்ந்துச்சு. நீ போட்ட சத்தத்துல நான் மாவ கொட்டிட்டேன்."

"மாடிப்படில உருளுற சீன் அக்கா. பிராக்டிஸ் பண்ணிட்டிருந்தேன்."

"என்ன வேலையோ போ. காசுக்கு அழணும்னு உன் தலையில எழுதியிருக்கு."

இதற்கு ஒரு கதை இருக்கிறது. நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் ஒருநாள் சாயங்காலம் அவருக்குக் கோபம் வந்தது. நான் என்னை மறந்து கத்திவிட்டேன். ஜெசிந்தா அக்கா வந்து கதவைத் தட்டினார். என் வீட்டுக்காரர் போய்த் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு திறந்தேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. நான் டப்பிங் ஆர்ட்டிஸ்ட் அக்கா, வீட்டில் பயிற்சி செய்கிறேன் என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, தானாக வந்தது. அவர் என் பின்னால் நின்று சிரித்தார். "எங்க வீட்ல நிம்மதியா நியூஸ் கூடப் பார்க்க முடியாதுங்க" என்றார். அக்காவும் சிரித்தார். அதற்குப் பிறகு யாரும் தட்டியதில்லை.

ஜூன் 8, ஞாயிறு

சங்கரா மீன். அவருக்கு இன்று நல்ல மனநிலை. தாமிராவுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தார். அவர் கார் ஷோரூமில் சர்வீஸ் மேனேஜர். கோபத்தோடு வருகிற வாடிக்கையாளர்களை எல்லாம் அவரிடம்தான் அனுப்புவார்களாம். தனசேகர் சார் பேசினால் ஆள் குளிர்ந்துவிடுவான் என்று அங்கே பெயர்.

மதியம் வாரத்தின் எபிசோடுகளை மொத்தமாகப் போட்டார்கள். வசுந்தராவின் புருஷன் ராஜ்வீர் பெல்ட்டை உருவிக்கொண்டு அவளை நெருங்குகிறான். இடி இடிக்கிறது, அவள் முகத்தை மூன்று தடவை காட்டுகிறார்கள், என் குரல் வீடு முழுக்க அலறுகிறது. அவர் வடையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"மிருகம். பொம்பளைய இப்படியா அடிக்கிறது?"

உண்மையாகவே வருத்தப்பட்டார். நடிக்கவில்லை. எனக்கு நடிப்பு தெரியும், அதனால் சொல்கிறேன். சீரியலில் அடிக்கிறவனுக்குத் தாடி இருக்கிறது, குடிக்கிறான், பற்களைக் கடிக்கிறான். பின்னாலேயே இசை வருகிறது. இவருக்கு அப்படி எதுவும் இல்லையே. தன்னை அவனோடு சேர்த்துப் பார்க்க இவருக்கு எப்படித் தோன்றும்.

தாமிரா டிவியைப் பார்க்கவில்லை. அப்பாவின் கையில் இருந்த வடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 11, புதன்

அவருக்குக் கோபம். தாமிரா டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

ஜூன் 12, வியாழன்

தொண்டை பரவாயில்லை. விலா வலிக்கிறது, மூச்சை இழுத்துப் பேசுவது கஷ்டம். கேட்டவர்களிடம் பாத்ரூமில் வழுக்கியது என்றேன். பாத்ரூமைத் தினமும் தேய்த்துக் கழுவுகிறேன், பழி என்னவோ அதன்மேல்தான்.

ஸ்டுடியோவில் ஒரு விஷயம் நடந்தது. வசுந்தராவைச் சமையலறைச் சுவரோடு சேர்த்து அறைகிற காட்சி. வசனம் கிடையாது, வெறும் ரியாக்ஷன். அடி விழும்போது வருகிற சத்தம், அழுகை, மூச்சு, இதையெல்லாம் நாங்கள் ரியாக்ஷன் என்போம். ஹெட்போனில் ராஜ்வீரின் உறுமல் வருகிறது. அவனுக்குப் பேசுகிறவர் தனியாக வந்து பேசிவிட்டுப் போயிருந்தார். நிஜத்தில் அவர் பரம சாது, வணக்கம் சொல்லிவிட்டுத்தான் மைக் முன்னால் நிற்பார்.

திரையில் கை ஓங்கியது. எனக்குச் சத்தம் வரவில்லை. உதட்டை மடித்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எனக்கே தெரியவில்லை.

"வல்லி, ரியாக்ஷன் எங்கம்மா? அடி விழுது, நீ சும்மா நிக்கற."

"சாரி மேடம்."

"மறுபடியும் போங்க."

மறுபடியும் அதேதான். மூக்கு வழியாகச் சின்னதாக ஒரு காற்று வந்தது, அவ்வளவுதான். கனகதுர்கா மேடம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நெற்றியைத் தேய்த்தார். அவருக்குத் தைராய்டு, மூன்று மணிக்கு மேல் முகம் வீங்கிவிடும்.

"இது யாருக்கும்மா கேக்கும்? சேனல்ல நல்லா சத்தமா வேணும்ங்கறாங்க. அடி வாங்கறவ கத்த மாட்டாளா?"

கத்த மாட்டாள் மேடம். பக்கத்து அறையில் பிள்ளை படித்துக்கொண்டிருக்கும். எதிர்வீட்டுக் கதவு திறந்திருக்கும். கத்தினால் இன்னும் இரண்டு விழும். இதையெல்லாம் நான் சொல்லவில்லை. மூன்றாவது டேக்கில் ஸ்டுடியோ நடுங்குகிற மாதிரி கத்தினேன். "சூப்பர்" என்றார்கள். ரெக்கார்டிங் பார்க்கும் அல்தாஃப் அதைத் தனியாக ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டான். 'வல்லி அழுகை' என்று கம்ப்யூட்டரில் ஒரு போல்டரே வைத்திருக்கிறான். அவசரத்துக்கு உதவுமாம்.

ஜூன் 14, சனி

ஒரு வேலை செய்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

காலை பதினொரு மணிக்கு அவரும் இல்லை, தாமிராவும் இல்லை. ஜன்னல், கதவு எல்லாவற்றையும் திறந்து வைத்து, ஹாலின் நடுவில் நின்று, ஒரு நிஜமான பயிற்சி செய்தேன். "ஐயோ, விட்டுடுங்க, உங்க கால்ல விழறேன்" என்று விதவிதமாக. காய்கறிக்காரரும் வாட்ச்மேனும் கீழே நின்று கேட்டார்கள். ஜெசிந்தா அக்கா தன் வாசலில் இருந்தே கை தட்டினார்.

புதன்கிழமைக்கு இது தேவைப்பட்டது. அன்றைக்கு ஒரு நாற்காலி உடைந்தது, கொஞ்சம் அதிகப்படியாகச் சத்தம் வெளியே போய்விட்டது. இப்படி இடையிடையே பகலில் நாலுபேர் பார்க்கக் கத்தி வைத்தால், மற்ற நேரத்துச் சத்தத்தையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். ஊருக்கெல்லாம் புத்திசாலி நான்.

ஜூன் 16, திங்கள்

குழாயில் தண்ணீர் வரவில்லை. அது விஷயமாக அசோசியேஷன் கூட்டம், அவர்தான் போனார். தண்ணீர்ப் பேச்சு முடிந்ததும் மூன்றாவது மாடிக்காரர், கைக்குழந்தை தூங்குவதில்லை, உங்கள் வீட்டம்மா பயிற்சியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டாராம். இவர் எழுந்து நின்று எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். செயலாளருக்கு மனம் நெகிழ்ந்துபோய்விட்டது. "சார் மாதிரி பொறுமையான ஹஸ்பண்ட் கிடைக்கணுமே" என்று செயலாளரின் மனைவி என்னிடமே சொன்னார்.

சாயங்காலம் லிப்டில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது.

'குடியிருப்போர் கவனத்துக்கு. 2-சி வீட்டில் டப்பிங் பயிற்சி இரவு எட்டு மணிக்குள் முடித்துக்கொள்ளப்படும். அதுவரை வரும் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறது.'

கீழே செயலாளரின் கையெழுத்தும் முத்திரையும். இரண்டாவது மாடி வருவதற்குள் நான்கு தடவை படித்தேன்.

ஜூன் 20, வெள்ளி

சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன். நோட்டீஸ் ஒட்டியதிலிருந்து அவருக்குக் கோபம் வருவது ஏழரை மணிக்குத்தான். சீரியல் ஓடும் நேரம் அது. எட்டு அடிக்கும்போது அமைதியாகச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார். எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ.

இந்த வாரம் இரண்டு முறை. "சத்தத்தக் கூட்டு பாப்பா" என்று அவரே சொல்கிறார். தாமிரா கூட்டுகிறாள். டிவியில் நான் அலறுகிறேன். சமையலறையில் நான் அலறவில்லை.

வெங்காயம் தீர்ந்துவிட்டது. தாமிராவின் யூனிபார்முக்குப் பித்தான் தைக்க வேண்டும்.

ஜூன் 23, திங்கள்

நான் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டு இறங்கிவந்தபோது, தாமிரா ஜெசிந்தா அக்கா வாசலில் நின்றிருந்தாள். அக்கா கேட்டுக்கொண்டிருந்தார்.

"சனிக்கெழம என்ன தங்கம், பாத்திரம்லாம் உருண்டுச்சு?"

"அம்மா பிராக்டிஸ் பண்ணாங்க ஆன்ட்டி."

"பாத்திரத்த வச்சா?"

"ஆமா ஆன்ட்டி. புருஷன் தட்ட வீசுற சீன். தட்டு கீழ விழுந்தா எப்படி திடுக்கிடணும்னு பார்த்தாங்க."

பத்து வயது. கண் கூடச் சிமிட்டவில்லை. இடையில் எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினாள். அந்தத் தட்டு விஷயத்தை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகவே சேர்த்துக்கொண்டாள்.

முதலில் எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். அப்பாடா என்று இருந்தது. நல்லவேளை, குழந்தை சமாளித்துவிட்டது என்று நினைத்தேன். வீட்டுக்குள் வந்து துணியை மடித்தேன். அவளுடைய சின்ன பெட்டிகோட்டை மடிக்கும்போது கை நின்றுவிட்டது. என் பெண்ணுக்கு நான் என்ன கற்றுக்கொடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. வேறு எதையும் நான் இவ்வளவு ஒழுங்காகக் கற்றுக்கொடுக்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

குரல் இல்லை.

ஜூன் 27, வெள்ளி

மூன்று நாளாகச் சைகைதான். தாமிராவிடம் கூட எழுதிக்காட்டித்தான் பேசினேன். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தவர், துப்பட்டாவை விலக்கச் சொன்னார். கழுத்தைப் பார்த்தார்.

"யாராவது புடிச்சு நெரிச்சாங்களா?"

ஒரு சீனில் அதிகமாகக் கத்திவிட்டேன் என்று மூச்சுக்காற்றாகச் சொன்னேன். அவர் மருந்துச்சீட்டு எழுதினார். எழுதி முடித்துவிட்டுத்தான் சொன்னார்.

"இந்தத் தடவ வந்துரும். பத்து நாள் ஆகும். இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா குரல் திரும்ப வருமான்னு என்னால சொல்ல முடியாதும்மா. பேசிப் பொழைக்கறவங்க நீங்க, பாத்துக்கோங்க."

மருத்துவமனை வாசலில் இருந்த சிமெண்ட் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. தோளும் விலாவும் வலித்தபோது வராத பயம். என் சொந்தப் பிழைப்பு என்று இருப்பது இது ஒன்றுதான். இது இருக்கிறவரைதான் என்றைக்காவது தாமிராவைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று நினைக்கவாவது முடியும். இப்படி ஒரு நினைப்பு எனக்கு இருப்பதே எழுதும்போதுதான் தெரிகிறது.

ஸ்டுடியோவுக்குப் போய்த் தகவல் சொன்னேன். கனகதுர்கா மேடம் என் கழுத்தைப் பார்த்தார். எழுந்துபோய் ஏசியை அணைத்துவிட்டு, வெந்நீர் கொண்டுவரச் சொன்னார். "வசனம் இருக்கற சீன தள்ளிப்போடறேன். அழுகைக்குப் பிரச்சனை இல்ல, நம்மகிட்ட நெறைய இருக்கு" என்றார்.

ஜூலை 1, செவ்வாய்

கஞ்சி, பருப்புத் துவையல். குரல் கரகரப்பாகப் பாதி வந்திருக்கிறது.

ஏழரைக்கு டிவி பார்த்தேன். வசுந்தரா அழுதாள். நான் ஜனவரியில் அழுதது, தீபாவளிக்கு முன்னால் அழுதது, அன்றைக்கு மூன்றாவது டேக்கில் கத்தியது, எல்லாவற்றையும் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். கச்சிதமாக இருந்தது. என் தொண்டையில் சத்தமே இல்லாதபோதும் என் அழுகை வீடு வீடாக ஓடுகிறது. நான் செத்துப்போனாலும் வசுந்தரா அழுவாள்.

கோவில்பட்டியிலிருந்து அம்மா போன் செய்தாள். அவள் ஒரு நாளும் சீரியலைத் தவறவிட மாட்டாள். தெருவில் எல்லோரிடமும் அது என் மகள் குரல் என்று சொல்லுவாள். இன்றைக்கு முதல்முறையாக அவளிடம் லேசாகச் சொல்லிப் பார்த்தேன். அவருக்கு ரொம்பக் கோபம் வருதும்மா என்றேன்.

"ஆம்பளைனா கோவம் வரத்தாம்ல செய்யும். வசுந்தராவப் பாரு, எவ்வளவு பொறுமையா இருக்கா. கடைசில அவன் திருந்தி இவ கால்ல விழுவாம் பாரு."

அந்தப் பொறுமையைப் பேசியது நான்தான் அம்மா. உனக்கு ஊட்டியதே நான்தான். இனி உன்னை என்ன சொல்ல.

ஜூலை 4, வெள்ளி

ஜெசிந்தா அக்கா வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். விலைச்சீட்டு தொங்குகிற புது நைட்டி போட்டிருக்கிறேன். தாமிரா நைட்டி மூட்டைகளின் மேலேயே படுத்துத் தூங்குகிறாள், பள்ளிக்கு அனுப்பவில்லை.

நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இனிமேல் கதவு, பாத்ரூம் எதுவும் எழுதப்போவதில்லை.

நேற்று ஏழரைக்குச் சீரியல் ஆரம்பித்தது. சப்பாத்தி ஆறிப்போயிருந்தது என்பதற்காக அவர் என்னை அடித்தார். அவரே ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டிவிட்டுத்தான் வந்தார். சுவரோடு சேர்த்துத் தள்ளி, கன்னத்தில் அடித்தார். பிறகு கை கழுத்துக்கு வந்தது. போன வாரமும் அந்தக் கைதான் என் கழுத்தை நெரித்தது. டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. டிவியில் வசுந்தரா அலறிக்கொண்டிருந்தாள்.

திடீரென்று டிவி நின்றது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். ஆனால் விளக்கு எரிந்தது. தாமிரா ரிமோட்டை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போடு பாப்பா டிவிய" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார், வாடிக்கையாளரிடம் பேசுகிற குரலில்.

அவள் போடவில்லை. நடந்து போய் வாசல் தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்தாள். எதிரே ஜெசிந்தா அக்காவின் கதவு வழக்கம்போலத் திறந்திருந்தது. அந்த வீட்டு டிவியில் நான் "ஐயோ, அம்மா" என்று கதறுவது கேட்டது. அவர் பிடி தளர்ந்தது, விடவில்லை.

கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, கத்தினால் யாரும் வர மாட்டார்கள். என் கத்தலை இந்தக் கட்டடம் முழுக்க நானே பழக்கிவைத்திருக்கிறேன். லிப்டில் முத்திரையோடு ஒட்டியிருக்கிறது. அதனால் பேசினேன். கறிவேப்பிலை இருக்கிறதா அக்கா என்று கேட்கிற அதே குரலில், பாதி கரகரப்போடு சொன்னேன்.

"ஜெசிந்தாக்கா. நான் வல்லி. இது பிராக்டிஸ் இல்ல. இவரு என்னைய அடிக்காரு."

இரண்டு வருடமாக வசுந்தராவுக்கு எத்தனையோ பக்க வசனம் பேசியிருக்கிறேன். கண்ணீர், சாபம், சாமி, தாலி எல்லாம் பேசியிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இவர் என்னை அடிக்கிறார் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அப்படி ஒரு வரி எனக்கு எழுதிக்கொடுக்கப்படவில்லை.

எதிர்வீட்டு டிவி நின்றது. அக்கா கையில் ஒரு நைட்டியைப் பிடித்தபடி வந்தார், அதை வாங்க வந்த பெண்ணும் பின்னாலேயே. இவர் என் கழுத்திலிருந்து கையை எடுத்துவிட்டு, சட்டையைச் சரிசெய்து, சிரித்தார்.

"ஒண்ணுமில்லக்கா. பிராக்டிஸ். இன்னைக்குக் கொஞ்சம் ஓவரா போயிடுச்சு."

அக்கா என்னைப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார்.

"பிராக்டிஸ்னா அவ எம்பேர ஏன் தம்பி சொல்லுதா?"

எவ்வளவு கோபக்காரரையும் பேசிக் குளிரவைக்கிறவர், ஒரு வார்த்தை கிடைக்காமல் நின்றார். அக்கா உள்ளே வந்து என் கையைப் பிடித்து, இன்னொரு கையால் தாமிராவைப் பிடித்து, எங்களை நடத்திக்கொண்டு போனார். பதினைந்து அடி தூரம் கூட இருக்காது. இவ்வளவு பக்கமா என்று இருந்தது.

ராத்திரி அக்கா அழுதார். "அத்தன நாளும் எங்காதுல உழுந்துச்சுட்டி. நான் சீரியல்னு நெனச்சு காப்பி குடிச்சுக்கிட்டு கேட்டேன்." நான்தானே அக்கா அப்படிச் சொன்னேன் என்றேன். அதற்கும் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. ரொம்பக் களைப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

ஜூலை 9, புதன்

மகளிர் காவல் நிலையத்துக்கு இரண்டாவது முறை. ஜெசிந்தா அக்கா கூட வந்தார், நைட்டி வாங்க வந்த அந்தப் பெண்ணும் வந்து கையெழுத்துப் போட்டாள். இதுவரை அவள் பெயர் கூட எனக்குத் தெரியாது, வளர்மதியாம்.

எழுதிக்கொண்டிருந்த பெண் போலீஸ் என் குரலைக் கேட்டு நிமிர்ந்தார். "நீங்க வசுந்தரா தான?" ஆமாம் என்றேன். அவருக்கு முகம் மலர்ந்தது, அந்த ராஜ்வீர் எப்போது திருந்துவான் என்று கேட்டார். பிறகு அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது போல, தலையைக் குனிந்துகொண்டு எழுதினார்.

"இத்தன நாளா ஏன் சத்தம் போடல?"

"போட்டிருக்கேன் மேடம். பிராக்டிஸ்னு சொல்லிட்டேன்."

அதை எப்படி எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. பேனாவைக் கொஞ்ச நேரம் உருட்டினார்.

தாமிராவின் அப்பா இப்போது தாம்பரத்தில் தன் அண்ணன் வீட்டில் இருக்கிறார். இந்தப் பக்கம் வரக்கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள், அதனால் நானும் தாமிராவும் எங்கள் வீட்டுக்கே திரும்பிவிட்டோம். வருவாரோ என்று பயம் இருக்கத்தான் செய்கிறது. லிப்ட் நிற்கும் சத்தம் கேட்டால் தாமிரா நிமிர்ந்து பார்க்கிறாள். செயலாளரின் மனைவி என்னைப் பார்த்தால் பேசுவதில்லை. பொறுமையான மனிதரை விரட்டிவிட்டேன் என்று கோபம். இருக்கட்டும்.

ஜூலை 14, திங்கள்

தொண்டை நன்றாக இருக்கிறது. மிளகுப் பால், இரண்டு இட்லி. புளி கிடையாது.

ஸ்டுடியோ. அம்மா சொன்னபடியே ஆகிவிட்டது, ராஜ்வீர் திருந்திவிட்டான். ஆனால் அவன் காலில் விழவில்லை, வசுந்தராதான் விழுகிறாள். 'என்னை அடிச்ச இந்தக் கைதான் என் கண்ணீரையும் துடைக்கணும்' என்று வசனம்.

பேசமாட்டேன் என்று எழுந்து வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாடகை இருக்கிறது, தாமிராவின் பள்ளி இருக்கிறது. பேசினேன். ஒரே டேக். கனகதுர்கா மேடம் மைக்கில் "ஓகே" என்று மட்டும் சொன்னார். வெளியே வந்தபோது என் பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்தார். "நல்லா எழுதறவன் ஒருத்தன் வரட்டும் வல்லி, அன்னைக்கு உன்ன வேற மாதிரி பேச வைக்கறேன்" என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. அவருக்கும் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

வீட்டுக்கு வரும்போது லிப்டில் அந்த நோட்டீஸ் இன்னும் ஒட்டியிருந்தது. நான்கு மூலையிலும் டேப். தாமிராவின் கோடு போட்ட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நானே எழுதினேன். அவள் கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கும் என்பதால் அவளை எழுதச் சொல்லலாமா என்று நினைத்தேன். வேண்டாம், இது என் வேலை. அவள் டேப்பைப் பல்லால் கடித்துக்கொடுத்தாள். பழைய காகிதத்தைக் கிழிக்காமல், அதற்கு நேர் கீழே ஒட்டினோம்.

'குடியிருப்போர் கவனத்துக்கு. 2-சி வீட்டில் டப்பிங் பயிற்சி நடந்ததே இல்லை. இனியும் நடக்காது. எங்கள் வீட்டிலிருந்து சத்தம் கேட்டால் தயவுசெய்து வந்து கதவைத் தட்டவும். எந்த நேரமாக இருந்தாலும். இப்படிக்கு, செண்பகவல்லி.'

தாமிரா ஒரு தடவை வாய்விட்டுப் படித்தாள். எட்டி என் பேனாவை வாங்கி, என் பெயருக்குப் பக்கத்தில் 'தாமிரா, ஐந்தாம் வகுப்பு' என்று சேர்த்துக்கொண்டாள்.